ஐந்தாவது ஓடுபாதையில் தேர்

எங்கள் தெரு ஏன் வளைந்திருக்கிறது என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

ஜெர்மனிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள எஸ்பியர்க் நகரத்தின் கிழக்கே வரிசை வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறோம். மற்றத் தெருக்கள் நேராக ஓடும். எங்களுடையது மட்டும் வளைந்து, நேராகி, மறுபடி அதே பக்கம் வளையும். "இந்த றோட்டைப் போட்டவன் வெறியில போட்டிருக்கிறான்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். வெறியில் இல்லை. எங்கள் வீடுகளுக்கு முன்பு அங்கே ஸ்பீட்வே என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ஓடுபாதை ஒன்று இருந்தது. அதைத் தோண்டி எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே தார் போட்டிருக்கிறார்கள்.

ஓகுஸ் பல்கலைக்கழகத்தில், கல்லையும் மண்ணையும் பற்றிய புவிச்சரிதவியல் படித்து முடித்த பிறகு ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தேன். பிறகு நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் இருந்த பழைய ஸ்பீட்வே பாதைகளைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். விமானத்திலிருந்து லேசரால் அளந்த நில உயரப் படங்களைத் தந்தார்கள். அவற்றில் புல்லுக்கும் தாருக்கும் அடியிலிருந்து நீள்வட்டங்கள் மங்கலாக மேலே வந்தன.

ஸ்பீட்வேயைப் பற்றி அதற்கு முன் எனக்கு எதுவும் தெரியாது. மண் பாதையில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடுவார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. கியர் ஒன்றுதான். எப்போதும் இடப்பக்கமாகவே திரும்புவார்கள். வளைவில் பின்சில்லைச் சறுக்க விட்டு, முன்சில்லை எதிர்ப்பக்கம் திருப்பி, நிலத்தைத் தொடுகிற மாதிரிச் சாய்ந்து போவார்கள். விழுவதற்கும் திரும்புவதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதல் பாதை கடற்கரை மணலில் இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் கொடிகளை நட்டு ஓடினார்கள். கடல் ஏறி வந்து அழித்தது. இரண்டாவது, குதிரைப் பந்தயத் திடல். குதிரைகள் மிரளுகின்றன என்று குதிரைக்காரர்கள் கலைத்து விரட்டினார்கள். மூன்றாவது எங்கள் தெரு. மின்நிலையத்துக் கரிச்சாம்பலைக் கொட்டிக் கட்டினார்கள். பக்கத்தில் வீடுகள் வந்தன. வீட்டுக்காரர்கள் சத்தம் என்றார்கள். நான்காவது, கிரவல் கல் தோண்டிய ஒரு பள்ளக் கிடங்கு. கிரவல் முடிந்ததும் தண்ணீர் விட்டு நீச்சல் குளமாக்கிவிட்டார்கள். ஐந்தாவது நெடுஞ்சாலைக்கு அப்பால், பைன் மரத் தோட்டத்தின் ஓரத்தில். அது மட்டும்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள்.

அந்தக் கோடையில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வேலை ஓகஸ்டோடு முடிகிறது. பிறகு என்ன என்று தெரியாது. கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடும். எழும்பி, சைக்கிளை எடுத்து, ஏதாவது ஒரு பழைய பாதைக்குப் போய்ச் சுற்றி நடப்பேன். நீச்சல் குளத்தைக்கூடச் சுற்றினேன். ஐந்தாவதுக்குத்தான் அதிகம் போனேன். அங்கே கார்ஸ்டன் இருந்தார்.

கார்ஸ்டன் பாதையைப் பராமரிப்பவர். முன்பு ஓடியவர். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். அவர் அதிகம் கதைக்கமாட்டார், நானும் கதைக்கமாட்டேன், அதனால் ஒத்துப்போனது. அவர் தண்ணீர் விடுவதையும் ட்ரக்டரால் மண்ணை வாருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். உடைத்த கருங்கல்லும் களியும் கலந்த மண். ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு மண்.

வசந்த காலத்தில் வந்த பரிசோதகர், மேற்பரப்பில் பெரிய கற்கள் இருக்கின்றன என்று போட்டி நடத்தும் அனுமதியை நிறுத்தி வைத்திருந்தார். ஓகஸ்ட் முதல் ஞாயிறு மறுபடி வருவார். அன்றும் அனுமதி கிடைக்காவிட்டால் நகரசபையான கொம்யூன் நிலக் குத்தகையைப் புதுப்பிக்காது. அந்த இடத்தை வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆறாவதுக்கு இடமில்லை" என்றார் கார்ஸ்டன். "இதற்குத் தெற்கே இனி ஜெர்மனிதான்."

எங்கள் அம்மன் கோயில் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. தேர் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வரும். இந்த வருடம் தேர் நாளில் அந்த வீதியால் காற்றாலை இறக்கைகளைக் கப்பலுக்குக் கொண்டு போகிறார்கள் என்று பொலிஸ் வீதியைத் தரவில்லை. எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தது. கோயில் தலைவர் சிவானந்தன் மாமா நகர பஸ் ஓட்டுபவர். கூட்டத்தையும் பஸ் மாதிரித்தான் ஓட்டுவார். நடுவில் நிறுத்தமாட்டார்.

"தேர் ஓடாட்டி ஊர் சிரிக்கும்" என்றார்.

"எந்த ஊர்?" என்று அம்மா கேட்டா.

"ஹேர்னிங்." அந்த நகரத்திலும் தமிழர் கோயில் ஒன்றும் தேரும் உண்டு.

நான் தேத்தண்ணித் தட்டை வைத்தேன். "ஒரு இடம் இருக்கு" என்றேன். "வட்டமா. சுத்தி வரலாம்."

அம்மா திரும்பிப் பார்த்தா. நான் கூட்டங்களில் கதைப்பதில்லை.

சொன்னேன். எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். "நடுவில கொட்டில் போட்டுக் கும்பம் வைச்சா அது கோயில்தான்" என்றார் ஐயர். தேர் நாள் ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை. பரிசோதனைக்கு முதல் நாள்.

கார்ஸ்டனிடம் கேட்டேன். அவர், கொம்யூனில் இருந்து யாராவது பார்க்க வருவார்களா என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் வருவார்கள் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. பாதையை வேறு ஆட்களும் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் குத்தகைக்கு நல்லது.

"எந்தப் பக்கம் சுற்றுவீர்கள்?"

"வலப்பக்கம். மணிக்கூட்டு முள் போகிற பக்கம்."

"இங்கே யாரும் அப்படிப் போனதில்லை." பாதையைச் சுற்றிப் பார்த்தார். "அவ்வளவு மோசமில்லை" என்றார். இந்தக் கரையோரத்தில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. "ஆனால் பாதையில் எதுவும் கிடக்கக் கூடாது. ஒரு ஆணிகூட."

"நான் பொறுப்பு" என்றேன்.

தேங்காயைப் பற்றி யோசித்துத்தான் சொன்னேன். மோட்டார் சைக்கிள் திருத்தும் முற்றத்தில் சீமெந்துத் தரை இருக்கிறது. அங்கே ஓர் இரும்புத் தொட்டி வைத்து, அதற்குள்தான் எல்லோரும் தேங்காய் அடிக்க வேண்டும். இதைச் சிவானந்தன் மாமாவிடம் சொன்னேன். "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். மறுபடி சொன்னேன். "பிள்ளை, எனக்குக் காது இருக்கு" என்றார்.

சனிக்கிழமை தேர் லொறியில் வந்தது. கார்ஸ்டன் சுத்தமான சேர்ட் போட்டிருந்தார். விருந்தாளிகளுக்குத் தூசி பறக்கக் கூடாது என்று, போட்டிக்கு விடுகிற அளவு தண்ணீரை விடியவே விட்டிருந்தார். நான் குதிக்காலால் மண்ணை அழுத்திப் பார்த்தேன். குதி இறங்கியது. தேர்ச்சில்லு ஒடுக்கமானது, இரும்புப் பட்டை போட்டது. தேர் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரிடம் சொல்வது என்று பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே வடம் பிடித்துவிட்டார்கள்.

நேர்ப் பாதையில் தேர் அழகாகப் போனது. பெண்கள் உட்பக்க வடம், ஆண்கள் வெளிப்பக்க வடம். நாங்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால் எங்களுக்கு வந்த முதல் வளைவு ஓட்டக்காரர்களுக்குக் கடைசி வளைவு. அங்கே சில்லுகள் கிளப்பிக் கிளப்பி மண் ஆழமாக இளகிப்போயிருக்கும். தேர் அதற்குள் இறங்கியது. இடது முன்சில்லு பாதிக்குக் கிட்டப் புதைந்து, அம்மன் ஒரு பக்கம் சரிந்தா.

இழுத்தார்கள். வடம்தான் விறைத்தது.

"கார்ஸ்டனிட்ட ட்ரக்டர் இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

"அம்மாளை ட்ரக்டரில இழுக்கிறதோ!" என்று சிவானந்தன் மாமா பாய்ந்தார். "ஹேர்னிங்காரன் அங்க நிண்டு வீடியோ எடுக்கிறான், கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"அப்ப பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடியுங்கோ."

தலைவரே முதல் தேங்காயை எடுத்தார். கல் ஏதும் இல்லை. சில்லின் இரும்புப் பட்டையில் அடித்தார். அது சிதறியது. அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. முற்றத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிகள் தோளில் ஏறி வளைவுக்கு வந்தன.

"இதில வேண்டாம்" என்றேன். தவில் உச்சத்தில் இருந்தது. "மாமா, தொட்டியில…"

"பிள்ளை, அந்தரம் அவசரத்துக்குத் தொட்டி தேடேலுமே?"

அதற்குள் கார்ஸ்டன் கொட்டகையிலிருந்து தடித்த பலகைகளோடு ஓடி வந்தார். சில்லுக்கு முன் கொடுத்தார், பின்னால் நெம்பினார்கள், தேர் ஏறியது. அரோகரா என்ற சத்தத்தில் பைன் மரங்களிலிருந்து காகங்கள் எழும்பின. தேரை ஏற்றியது தேங்காய் என்றுதான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

தேர் இருப்பிடத்துக்கு வந்தது. ஐயர் தீபம் காட்டினார். கொம்யூனிலிருந்து வந்த பெண்மணி தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் அன்னதானப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். நான் வளைவுக்குப் போனேன்.

வெள்ளையாகத் தெரிந்த தேங்காய்ச் சொட்டுகளைச் சின்னப்பிள்ளைகள் பொறுக்கித் தின்றுவிட்டார்கள். சிரட்டைத் துண்டுகள்தான் பிரச்சினை. அவை ஈர மண்ணின் நிறம். கால்பட்டுப் பாதி உள்ளே போயிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஓரம் பிளேட் மாதிரி இருந்தது. ஸ்பீட்வேயில் பின்சில்லு மண்ணைப் பின்னுக்கு வாரி எறியும். அது அடுத்து வருகிறவனின் முகத்தில்தான் விழும்.

ட்ரக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கார்ஸ்டன் பலகைகளைக் கொண்டு போய் வைத்துவிட்டு, நாளைக்காகப் பாதையை வாரி அழுத்த வருகிறார். வாரினால் துண்டுகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. சில்லு மட்டும் எடுக்கும்.

ஓடிப்போய் ட்ரக்டருக்கு முன்னால் நின்றேன். அவர் நிறுத்தினார். கையை விரித்துச் சிரட்டையைக் காட்டினேன்.

"எவ்வளவு?" என்றார்.

"தெரியாது. நிறைய."

அவர் வளைவைப் பார்த்தார். பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழைக்கு முன் வாரி அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குச் சேறு. மழை வருகிற வரைக்கும் நேரம் தருகிறேன்." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலிட்டுப் பொறுக்கத் தொடங்கினேன். கையால் தடவினால்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பின்னால் தங்கமலர் அன்ரியின் குரல் கேட்டது. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவ. எங்கள் தெருவிலேயே பெரிய குரல் அவவுடையது.

"இஞ்ச பாருங்கோ, சாரங்கா அடியழிக்கிறாள்!"

கோயில் வீதியில் ஆண்கள் உருண்டு பிரதட்டை பண்ணிப் போக, பின்னால் பெண்கள் அடிக்கடி விழுந்து கும்பிட்டுக்கொண்டு போவதுதான் அடியழித்தல். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் செய்வது. பந்தலில் இருந்து பெண்கள் எழும்பி வந்தார்கள்.

"என்ன நேத்தியடி? மாப்பிள்ளையோ, வேலையோ?"

"ரெண்டும் இல்லாதவள் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைச்சிருப்பாள்."

சிரித்தார்கள். அம்மா சோற்றுத் தட்டோடு நின்றா. கண் கலங்கியிருந்தது. இரண்டு பேர் எனக்குப் பின்னால் வந்து முழங்காலில் விழுந்து கும்பிட்டார்கள். நான் இன்னும் தடவாத இடத்தில். அவர்களுடைய முழங்கால்கள் சிரட்டைகளை இன்னும் உள்ளே அமத்தின.

"நேத்தி இல்லை" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. எழும்பி நின்றேன். "நேத்தி இல்லை! ஆரும் முழங்கால் வையாதேங்கோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பந்தலில் இருந்தவர்களும். காது சூடானது. இனி இருக்கவும் முடியாது.

"நாளைக்கு இந்தப் பாதையைப் பாக்க ஆள் வருது" என்றேன். "இதில ஓடுற சைக்கிளுக்குப் பிரேக் இல்லை. இந்தச் சிரட்டை பறந்து ஒருத்தற்ற கழுத்தில பட்டா என்ன செய்யிறது? பாதை சரியில்லையெண்டா நாளையோட மூடிப்போடுவினம். இவையை நாலு தரம் கலைச்சாச்சு. ஒருக்கா எங்கட தெருவில இருந்து. எங்கட வீட்டுக்குக் கீழதான் இருந்தவை. இண்டைக்கு எங்களுக்கு இடம் தந்தவை. நான் பொறுப்பெண்டு சொன்னனான்."

சிவானந்தன் மாமா சாப்பிட்ட கையோடு வந்தார்.

"இதை நீ முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான் மாமா. உங்களுக்குக் காது இருக்கெண்டு சொன்னனீங்கள்."

தங்கமலர் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. மாமா மண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "இப்ப என்ன வேணும்?" என்றார்.

"வடம்."

"வடம் என்னத்துக்கு?"

வடத்தைப் பாதைக்குக் குறுக்கே, உட்கரையிலிருந்து வெளிக்கரை வரை நேராகப் பிடிக்கச் சொன்னேன். வடத்துக்கு முன்னால் ஒரு முழ அகலம் மட்டும் தடவ வேண்டும். எல்லோரும் முடித்த பிறகு வடம் ஒரு முழம் நகரும். தடவிய பக்கத்தில் மட்டும்தான் முழங்கால். பெண்கள் உட்பக்கம் வந்தார்கள், ஆண்கள் வெளிப்பக்கம் போனார்கள். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"எனக்கு முழங்கால் மடிஞ்சா நிமிராது" என்று தங்கமலர் அன்ரி முனகினா. "வேலையிலயெண்டா தூக்கிவிட மெஷின் இருக்கு."

"கார்ஸ்டன்ட ட்ரக்டர் இருக்கு, அன்ரி."

"அடி, அம்மாளுக்கே வேண்டாமெண்டதை எனக்குத் தாறியோ?"

கார்ஸ்டன் ட்ரக்டரிலிருந்து இறங்கி வந்து ஆண்கள் பக்கம் முழங்காலில் இருந்தார். தோள் வலித்திருக்கும். சுத்தமான சேர்ட். வடம் முழம் முழமாக நகர்ந்தது. முற்றத்திலிருந்து கொண்டுவந்த தொட்டியில் சிரட்டை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் துளி என் கழுத்தில் விழுந்தபோது வளைவு முடியக் கொஞ்சம் இருந்தது. "வடத்தை எடுக்காதேங்கோ" என்று மாமா கத்தினார். எடுக்கவில்லை. முடித்தோம். கார்ஸ்டன் ட்ரக்டருக்கு ஓடினார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. தடவிய இடமெல்லாம் உள்ளங்கையில் திரும்ப வந்தது.

ஞாயிறு காலை நான் போனபோது சிவானந்தன் மாமா பஸ் உடுப்போடு வேலியில் சாய்ந்து நின்றார். "சும்மா வந்தனான். ஷிஃப்ட் பிந்தித்தான்" என்றார்.

பரிசோதகர் மெலிந்த மனிதர். கையில் ஓர் இரும்புக் கம்பி. மண்ணில் குத்திப் பார்த்துப் பார்த்து நடந்தார். கார்ஸ்டனும் நானும் பின்னால் போனோம். கடைசி வளைவில் குனிந்து ஒன்றை எடுத்தார். வெள்ளை.

"இது என்ன?"

கார்ஸ்டன் அதை வாங்கிப் பார்த்தார். காற்சட்டையில் துடைத்தார். வாயில் போட்டு மென்றார்.

"தேங்காய்" என்றார்.

பரிசோதகர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இன்னும் இருக்கிறதா?" என்றார். கார்ஸ்டன் என்னைப் பார்த்தார்.

நடந்ததைச் சொன்னேன். "எல்லாம் எடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்" என்றேன். "ஒன்றுகூட இல்லை என்று என்னால் சொல்ல முடியாது."

வேலிக்கு அப்பால் மாமா தமிழில் பல்லைக் கடித்தார். "இல்லையெண்டு சொல்லன், பிள்ளை!"

சொல்லவில்லை.

"அப்படியானால் ஓடிப் பார்ப்போம்" என்றார் பரிசோதகர். "நான்கு சுற்று. முழு வேகம்."

கார்ஸ்டனின் மகள் ஆஸ்ட்ரிட் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவளுடைய எலும்புகளையும் அங்கேதான் படம் எடுத்திருக்கிறார்கள். தலைக்கவசத்தைப் போட முன் என்னிடம் கேட்டாள். "தேர் எந்தக் கரையில் புதைந்தது?"

"வெளிக்கரை."

"சரி. வெளிக்கரையால்தான் போவேன்."

முதல் சுற்று. அவள் வேலியோடு ஒட்டிப் போனாள். மண் விசிறியாக எழும்பி வேலிப் பலகைகளில் கொட்டியது. நான் வளைவுக்கு நேரே வேலிக்குப் பின்னால் நின்றேன். கால் நிற்கவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது சுற்றில், தேர் புதைந்த அதே இடத்தில், பின்சில்லு ஒருமுறை உதறியது. எதுவோ பறந்து பலகையில் டிக் என்று பட்டது. மோட்டார் சைக்கிள் படுத்தது. முன்சில்லு வலப்பக்கம் திரும்பியிருந்தது, அவளுடைய இடது கால் மண்ணில் இழுபட்டது. விழுகிறாளா, திரும்புகிறாளா?

நிமிர்ந்து நேர்ப் பாதைக்கு வந்தாள்.

"அரோகரா" என்றார் மாமா, மெதுவாக.

பரிசோதகர் பலகையடிக்குப் போய்க் குனிந்து தேடினார். திரும்பி வந்து, கார்ஸ்டனிடம் போகாமல் என்னிடம் வந்து கையை விரித்தார். பட்டாணி அளவில் ஒரு துண்டு. ஒரு முகம் புதிதாக உடைந்து மினுங்கியது.

"இதுவும் தேங்காயா?"

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். "கருங்கல். இந்தப் பாதையின் கல்தான். இந்த அளவுக்கு விதியில் இடமுண்டு."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் அதைப் பாதையில் எறிந்துவிட்டு, பேனாவை எடுத்து, கார்ஸ்டனின் முதுகில் அனுமதித் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கார்ஸ்டன் அசையாமல் குனிந்து நின்றார். நிமிர்ந்து, "அவ்வளவு மோசமில்லை" என்றார். மாமா நேரத்தைப் பார்த்துக்கொண்டு தன் பஸ்ஸுக்கு ஓடினார்.

எனக்கு இன்னும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சுற்று நடக்கலாமா என்று கார்ஸ்டனிடம் கேட்டேன்.

அவர் ட்ரக்டர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம்?" என்றார்.